ராணுவச் சோறும் சிவிலியன் கோழிகளும்

1929-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் டச்சுக்காரர் கிறிஸ்டியான் ஐக்மான். இன்னொருவர் ஆங்கிலேயர் ஃபிரடெரிக் ஹாப்கின்ஸ். நியாயமாகப் பார்த்தால் மூன்றாவது பங்கு ஒரு சமையற்காரருக்குப் போயிருக்க வேண்டும். ஜாவா தீவில், பட்டேவியா ராணுவ ஆஸ்பத்திரி அடுப்படியில் வேலை பார்த்தவர். அவர் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. மிச்சச் சோற்றைத் தர மாட்டேன் என்று அவர் முரண்டு பிடித்தார். அதுதான் அவருடைய ஆராய்ச்சிப் பங்களிப்பு.

வியாதியின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். முற்றினால் இதயம் கைவிட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அரிசி தின்கிற ஆசியா முழுக்க இந்த நோய். சிப்பாய், மாலுமி, கைதி, தோட்டக் கூலி என்று, எங்கெல்லாம் மொத்தமாகச் சோறு பொங்கி வரிசையில் நிற்கவைத்துப் போட்டார்களோ அங்கெல்லாம் வந்தது. காரணம் லேசானது. நீராவி மில் வந்துவிட்டது. உமியோடு தவிட்டையும் உருவியெடுத்து, மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை வெளேரென்று அரிசி கொடுத்தது. கறுத்த அரிசி ஏழைக்கு, வெளுத்த அரிசி பணக்காரனுக்கு என்று இருந்த உலகத்தில், ஏழைக்கும் வெள்ளைச் சோறு கிடைத்தது. கூடவே பணக்கார வியாதியும் கிடைத்தது.

ஆனால் அது கிருமிகளின் பொற்காலம். ராபர்ட் கோச் 1882-இல் காசநோய்க் கிருமியைப் பிடித்திருந்தார், அடுத்த ஆண்டே காலராக் கிருமியை. அதன்பின் எந்த நோய்க்கும் ஒரு கிருமியைக் காட்டினால்தான் டாக்டருக்கு மதிப்பு. டச்சு அரசாங்கம் 1886-இல் பெகல்ஹாரிங், விங்க்ளர் என்ற இரண்டு பெரிய மனிதர்களை ஜாவாவுக்கு அனுப்பியது. கோச்சிடம் பாடம் படித்திருந்த ஐக்மான் உதவிக்கு. தேடினார்கள். தேடினால் கிடைக்காமலா போகும்? ஏதோ ஒரு கிருமி கிடைத்தது. எல்லா இடத்தையும் கிருமிநாசினி போட்டுக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரும் கப்பலேறினார்கள். மிச்ச வேலையை முடிக்க ஐக்மான் அங்கேயே தங்கினார்.

அவர் கோழிகளுக்கு நோயாளி ரத்தத்தை ஊசி போட்டார். கொஞ்ச நாளில் கோழிகள் தள்ளாடின. கால் மடங்கி உட்கார்ந்தன, தலையை முதுகுப்பக்கம் இழுத்துக்கொண்டன, கொத்துவதற்குக் குனிந்தால் குப்புற விழுந்தன. ஐக்மானுக்கு வெற்றிக்களிப்பு. பக்கத்தில் பார்த்தால் ஊசி போடாத கோழியும் அதே கதி. சரி, தொற்றிவிட்டது என்று புதுக் கோழிகளைத் தனிக் கூண்டில் வைத்தார். அவையும் விழுந்தன. கிருமி காற்றிலேயே இருக்கிறது போலும் என்று அவர் முடிவுக்கு வருகிற நேரத்தில், நவம்பர் கடைசியில், எல்லாக் கோழிகளும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டன. நோயே இல்லை. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. கூண்டைப் பார்த்துக்கொண்ட ஆள் சிக்கனக்காரர். தீவனச் செலவை மிச்சப்படுத்த, ஆஸ்பத்திரி அடுப்படியில் மிஞ்சுகிற வெள்ளைச் சோற்றை வாங்கிக் கோழிக்குப் போட்டிருக்கிறார். ஜூன் 17-இல் ஆரம்பம். ஜூலை 10-இல் கோழிகள் விழத் தொடங்கின. நவம்பர் 27-இல் நிறுத்தம். நிறுத்தக் காரணம், பழைய சமையற்காரர் மாறிப்போய்ப் புதியவர் வந்ததுதான். ராணுவத்துக்கு ஒதுக்கிய அரிசியை சிவிலியன் கோழிக்குப் போட முடியாது என்று புதியவர் சட்டம் பேசிவிட்டார். கோழிக்கு மறுபடி தவிடு நீக்காத மட்ட அரிசி. கோழி பிழைத்தது. ஐக்மான் இந்தக் கதையைத் தன் நோபல் உரையிலேயே மறைக்காமல் சொல்லியிருக்கிறார், அந்த நேர்மைக்கு அவரைக் கும்பிடலாம். உலகத்தில் எத்தனையோ கண்டுபிடிப்புகள் அரசாங்க விதிமுறையால் செத்திருக்கின்றன. விதிமுறையால் பிறந்த ஒன்று எனக்குத் தெரிந்து இதுதான்.

ஐக்மான் காரணத்தை அப்போதும் தப்பாகத்தான் சொன்னார். சோற்று மாவில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிட்டுத் தோலில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். கிருமியை விட்டாலும் எதிரியை விட மனசில்லை. அவருக்குப் பின்னால் வந்த கிரைன்ஸ்தான் 1901-இல், விஷமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, சாப்பாட்டில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை, அவ்வளவுதான் என்றார். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை.

நடுவில் ஃபோர்டர்மான் என்ற சுகாதார அதிகாரி ஒரு காரியம் செய்தார். ஜாவா, மதுரா தீவுகளின் 101 சிறைகளைச் சுற்றி வந்து, எந்தச் சிறையில் என்ன அரிசி, எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுத்தார். சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் கைதிகள். தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு நோய். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேரில் ஒருவருக்கு. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனாலும் கிருமிக் கட்சி கலையவில்லை.

ஜப்பானில் இதே கூத்து இன்னும் பெரிய மேடையில் நடந்தது. லண்டனில் படித்துவிட்டு வந்த கடற்படை டாக்டர் டகாகி கனெஹிரோ. 1882-இல் புறப்பட்ட ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர் போனார்கள். 169 பேர் பெரிபெரியில் படுத்தார்கள், 25 பேர் செத்தார்கள். டகாகி ஊர் ஊராக மன்றாடி, 1884-இல் ட்சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்பவைத்தார். இந்த முறை இறைச்சி, பால், ரொட்டி. ஒரு சாவும் இல்லை. விழுந்த சிலரும் புதுச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடாதவர்கள். புரதம் பற்றாததுதான் நோய் என்று டகாகி நினைத்தார். அது தப்பு. மாலுமிகள் ரொட்டியைத் தின்ன மாட்டோம் என்றதும் அரிசியில் பார்லியைக் கலந்தார். அது போதுமானதாக இருந்தது. தப்பான காரணத்தோடு சரியான சாப்பாட்டைப் போட்டு ஒரு கடற்படையையே எழுப்பி நிறுத்தியவருக்குப் பிற்பாடு பிரபுப் பட்டம் கிடைத்தது. ஊர் அவரை ‘பார்லி பிரபு’ என்றது.

தரைப்படைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் ஜெர்மனியில் படித்தவர்கள். கிருமி இல்லாமல் என்ன மருத்துவம்? காரணம் தெரியாமல் குணப்படுத்துவது நாட்டு வைத்தியம் அல்லவா? இந்தக் கட்சியின் முக்கியப் புள்ளி மோரி ஓகாய். கோச்சிடம் படித்தவர், ஜப்பானிய இலக்கியத்தின் மிகப் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர். மனித மனத்தை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த மனுஷன் தட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை. 1904-05 ரஷ்ய யுத்தத்தில் தரைப்படைக்கு வெள்ளைச் சோறு ஏராளமாகப் போனது. சிப்பாய்க்கும் அதுதான் மரியாதை, ஊரில் பார்க்காத சோறு. சுமார் இரண்டரை லட்சம் பேருக்குப் பெரிபெரி, அதில் சுமார் 27,000 பேர் சாவு. மோரி தனியாக இதைச் செய்யவில்லை, மேலதிகாரிகள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் என்று பெரிய கோஷ்டியே இருந்தது. 1908-இல் இந்த நோயை ஆராய அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர் யார் என்கிறீர்கள்? மோரிதான். கமிட்டி என்றால் உலகெங்கும் அது ஒரே ஜாதி.

அண்டார்டிகாவில் ஒரு நிலமுனைக்கு டகாகியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு நெல்மணி முளைக்காத கண்டத்தில்.

இனி மலாயாவுக்கு வரலாம், ஏனென்றால் நாம் அங்கேதான் கதையில் நுழைகிறோம். சீனத் தொழிலாளிகள் ஈயச் சுரங்கங்களில் கொத்துக் கொத்தாகப் பெரிபெரியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில், அதே கொசு, அதே மழை, அதே சேறு, ஆனால் கங்காணி பிடித்துக்கொண்டு போன தமிழ்க் கூலிகளுக்கு அது அநேகமாக வரவில்லை. தமிழனுக்கு வராத கஷ்டம் என்று மலாயாவில் ஒன்று இருந்ததே அதிசயம், டாக்டர்கள் கவனிக்காமல் இருக்க முடியுமா? நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் 1907-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். சீனர் தின்றது சயாம் பச்சரிசி. தமிழர் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். புழுங்கல் வாடை சீனர்களுக்கு ஆகாது, பச்சரிசிச் சோறு நம் ஆட்களுக்கு வயிற்றில் நிற்காது. இரண்டு பேரும் அடுத்தவன் சோற்றைப் பார்த்து முகம் சுளித்ததில் ஒரு பெரிய பரிசோதனை தானாகவே நடந்துகொண்டிருந்தது.

கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் ஃப்ளெட்சர் என்ற டாக்டர் அதை முறைப்படி செய்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து இடதுபக்கத்திலிருந்து எண்ணினார். ஒற்றைப்படை எண்கள் கிழக்குக் கட்டடம், சயாம் அரிசி. இரட்டைப்படை எண்கள் மேற்குக் கட்டடம், புழுங்கல். கட்டடத்தில் கிருமி இருக்குமோ என்ற சந்தேகம் வேண்டாமென்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார். ஓராண்டு முடிந்தபோது சயாம் அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியில் செத்திருந்தார்கள். புழுங்கல் பக்கம் யாரும் சாகவில்லை. துல்லியமான ஆராய்ச்சி என்று இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் பாராட்டுகிறார்கள். அந்த 18 பேரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட அந்தக் காலத்துக்கு வரவில்லை. இந்த இடத்தில் சிரிப்பதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

புழுக்குவதில் என்ன மர்மம்? நெல்லை ஊறப்போட்டு அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து, தண்ணீரோடு உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எந்த மில்லில் போட்டுத் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி போகாது. ‘நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை’ என்று இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட விரல் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பாட்டி நெல் அவித்தது வைட்டமினுக்காக இல்லை. அவித்தால் குத்தும்போது அரிசி நொறுங்காது, உமி சுலபமாக விடும், வண்டு சீக்கிரம் அண்டாது. அதே மதராஸ் ராஜதானியில், வட சர்க்கார் ஜில்லாக்களில் பச்சரிசி தின்ற முன்னோர்களும் இருந்தார்கள். அவர்களைப் பெரிபெரி விடாமல் துரத்தியது. அதை ஆராய்வதற்கென்றே 1918-இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் மெக்காரிசன் என்ற டாக்டர் ஓர் அறையில் கடை விரித்தார். அந்த அறைதான் வளர்ந்து, மலை இறங்கி, இன்றைக்கு ஹைதராபாதில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

தவிட்டில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் நாளானது. 1912-இல் காசிமிர் ஃபுங்க் என்ற ஆராய்ச்சியாளர் அதற்கு வைட்டமின் என்று பெயரை மட்டும் வைத்தார், பொருள் கையில் இல்லாமலே. 1926-இல் பட்டேவியாவில், ஐக்மான் கோழி வளர்த்த அதே ஆய்வுக்கூட வழிவந்த யான்சனும் டோனாத்தும், நூற்றுக்கணக்கான கிலோ தவிட்டைக் காய்ச்சி வடித்துக் கடுகளவு படிகம் எடுத்தார்கள். அதன் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாகச் செய்துகாட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கர்தான், ஆனால் பிறந்தது நெல்லூரில், பாதிரியார் வீட்டில். அவர் தம்பி ரோஜரும் ஒரு வைட்டமினைக் கண்டுபிடித்தவர், அவர் பிறந்தது ஊட்டியில். 1910-இல் மணிலாவில் ஒரு ராணுவ டாக்டர், ராபர்ட் வில்லியம்ஸ் கையில் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து இதில் என்ன இருக்கிறது பார் என்றார். பார்த்து முடிக்க 26 வருஷம். அதில் பெரும்பகுதி அவருடைய சம்பள வேலை டெலிபோன் கம்பெனியில். வைட்டமின் வேலை ஓய்வு நேரத்தில்.

ஆக, மில் உருவியெடுத்த சத்தைத் தொழிற்சாலையில் செய்து, திரும்ப அரிசியிலேயே கலக்கலாம் என்றானது. தவிட்டை விட்டுவைப்பது என்ற யோசனை மனித நாகரிகத்துக்கு ஒத்துவரவில்லை. 1948-இல் பிலிப்பைன்ஸின் பாத்தான் மாகாணத்தில் வில்லியம்ஸ் சத்தூட்டிய அரிசியை வைத்துச் சோதனை நடத்தவைத்தார். பெரிபெரிச் சாவு வெகுவாகக் குறைந்தது. சட்டம்கூடக் கொண்டுவந்தார்கள். மில்காரர்கள்தான் மசியவில்லை. அரிசியில் கலக்க எத்தனை மூட்டை சத்து மணி வாங்கினார்கள் என்று பார்த்தால் எத்தனை மூட்டை அரிசி அரைத்தார்கள் என்பது வரி ஆபீசுக்குத் தெரிந்துவிடும்.

பின்னாளில் நம்மூர் ரேஷன் கடைக்கும் செறிவூட்டிய அரிசி வந்தது. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் பிசைந்து, அரிசி மாதிரியே மணியாகப் பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்று கலந்துவிட்டார்கள். பார்வைக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று ஊருக்கு ஊர் பேச்சு. அதிகாரிகள் விளக்கம் கொடுத்தபடி இருக்க, வீட்டில் அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை நாலு தண்ணீர் விட்டுக் களைந்து உலையில் போட்டார்கள்.