லயத்துக் கூரைத் துளைக்கு உகந்த திரை: ஓர் ஆய்வு

கூரைச் சாளரங்களை ஆராய்ந்த கட்டடக் கலை வல்லுநர்கள், மலையகத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக வெளிச்சம் தந்துவரும் ஒரு வகையை ஏனோ கவனிக்கவில்லை. அதுதான் லயத்துத் தகரத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் கூரையில், விழுந்த ஆணித்துளை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்சுவரில் ஜன்னலுக்கு இடமே இல்லை. ஆகவே பகலில் உள்மூலைக்கு வெளிச்சம் வர வேண்டுமானால் உச்சியிலிருந்துதான் வர வேண்டும். துளை எவ்வளவு கோணலாக இருந்தாலும் உச்சிவேளையில் தரையில் விழுவது வட்டம். அது சூரியனின் பிம்பம். கூரை பத்தடி உயரமென்றால் குறுக்களவு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். துரை பங்களாவின் அகன்ற கண்ணாடி ஜன்னல்களில்கூடச் சூரியன் இத்தனை ஒழுங்காக நுழைவதில்லை.

வெப்பத்தைத் தடுக்கவாவது திரை வேண்டாமா என்பார்கள். உச்சி வெயில் சதுர மீற்றருக்குச் சுமார் 1,000 வாட். 5 மில்லிமீற்றர் துளை வழியே இறங்குவது ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. அதில் தேத்தண்ணி கொதிக்காது. நண்பகலில் காம்பரா புழுங்குவது மெய்தான், ஆனால் குற்றம் தகரத்தினுடையது. அதுவே இரவில் உள்ளிருக்கும் சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடுகிறது. ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டி நிற்கும், ஜனவரி இரவுகளில் உறைபனி விழக்கூடிய நுவரெலியாவில் வெப்பத்துக்கு அஞ்சித் திரை தேடுவது வீண்.

மிஞ்சுவது மழை. தார் பூசினால் மழையோடு வெளிச்சமும் நின்றுவிடும், அடுப்புப் புகைக்கிருந்த வழியும் அடைபடும். படங்கு விரித்தால் தென்மேல் பருவக்காற்று அதை அடுத்த லயத்தில் கொண்டுபோய்ப் போடும். பாரத்துக்குக் கல் வைக்க ஏறினாலோ, துருவேறிய தகரத்தில் காலடிக்கொரு துளை புதிதாகப் பிறக்கும். சாளரப் பெருக்கம் என்று இதற்குப் பெயரிடலாம். ஒளியை மறைக்காமல், புகையை மறிக்காமல், காற்றில் பறக்காமல் பணியாற்றுவது ஒன்றே ஒன்று: துளைக்கு நேர்கீழே வைக்கும் வாளி. வாளி எப்படித் திரையாகும் என்று கேட்போர் ஜூன் மாதத்தில் மஸ்கெலியாவுக்கு வந்து, வாளியில்லாத காம்பராவில் ஓரிரவு படுத்துப் பார்க்கலாம்.

குடியிருப்பவரே தகரத்தை மாற்றக் கூடாதா? கூரை தோட்டத்தின் பொறுப்பிலுள்ளது, ஒழுக்குத்தான் குடியிருப்பவருக்குச் சொந்தம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் இந்தப் பாகப்பிரிவினை மாறவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் ஜன்னலுக்குச் சீலை தேடுகின்றன. அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். மற்றவர்களுக்கு வாளியும், தோட்ட நிர்வாகங்களுக்குப் புதிய தகரமும் பரிந்துரைக்கப்படுகின்றன.