கடைசிக் கிளிக் வரைக்கும்

காரின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். டாம்பரின் வேலை அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கி, அதன் அசைவை உள்ளிருக்கும் எண்ணெயில் சூடாகக் கரைப்பது. திருகு வைத்த டாம்பர்களில் இந்த அடக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். திருகு என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசிவரை முறுக்கிப் பார்ப்பது மனித இயல்பு. கோவைப் பட்டறை ஒன்றுக்கு வந்த கார்க்காரரும் அதையே செய்திருந்தார்.

"நாலு வீலும் ஃபுல் டைட்டுங்ணா. இப்பத்தான் ரேஸ் கார் மாதிரி இருக்குது."

"ரேஸ் கார்ல வந்தவரு ஏனுங் தம்பி இடுப்பப் புடிச்சுட்டு எறங்கறீங்க?"

மேடு ஏறி இறங்கிய காரின் உடல் நொடிக்கு 1 முதல் 1.5 முறை எழுந்து அமரப் பார்க்கும். சக்கரமோ 10 முதல் 15 முறை துள்ளும். இரண்டையும் ஒரே டாம்பர் கவனிப்பதால் எந்த அமைப்பும் சமரசம்தான். தளர்த்தினால் கார் தொட்டிலாகும். இறுக்கினால் சாலையின் சின்னக் குத்தலெல்லாம் இருக்கைக்கு வந்துசேரும்.

"காரு ஓட ஓடத் தாழுதுங்ணா. ஸ்டைலா இல்லீங்களா?"

"தாழலீங்க, அமுங்குது. ரீபவுண்ட் அத்தன இறுக்கமா இருந்தா, ஒரு குழில சுருங்குன ஸ்பிரிங்கு நிமிர்றதுக்குள்ள அடுத்த குழி வந்துருது. கடைசில ரப்பர் ஸ்டாப் மேல உக்காந்து போறீங்க. ஸ்பிரிங்கக் கழட்டி எடைக்குப் போட்டுருங்க, காசாவது வரும்."

"ஆனா ஸ்டீயரிங் சும்மா சிக்குனு திரும்புது. ரவுண்டானால சாயறதுதான் கொறையல."

முன்புறத்தை இறுக்கினால் திருப்பிய முதல் கணத்தில் கார் விரைந்து பதில் சொல்லும், அது மெய்தான். ஆனால் அசைவு இருக்கும்வரையில்தான் டாம்பருக்கு விசை. உடல் சாய்ந்து நிலைத்துவிட்டால் தாங்குவது ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும். வளைவில் தார் பெயர்ந்திருந்தால் இறுகிய சக்கரம் தரையை விட்டு விட்டுத் தொடும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதைத் துல்லியம் என்று மெச்சுவோரும் உண்டு.

"90-ல ஸ்டீயரிங் நடுங்குச்சு. அதுக்குத்தான் முறுக்குனதே."

185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். மணிக்கு 90 கி.மீ. என்பது நொடிக்கு 25 மீட்டர், அதாவது சுமார் 13 சுற்று. பேலன்ஸ் தவறிய சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை உதைக்க, அது சக்கரத்தின் சொந்தத் துள்ளலோடு ஒத்துப்போகிறது. டாம்பரை இறுக்கினால் நடுக்கம் சற்று மட்டுப்படலாம்; உதை அப்படியேதான் இருக்கும்.

"ரிம்முல இருந்த பேலன்ஸ் ஈயக்கட்டி விழுந்துருக்குது தம்பி. சரி, எப்படி டெஸ்ட் பண்ணுனீங்க?"

"டயர் காத்து 30 இருந்துச்சு, 36 ஆக்குனேன். அலைன்மெண்ட் பண்ணுனேன். டாம்பர முறுக்குனேன். புதுசாப் போட்ட ரோட்டுல ஓட்டுனேன். வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுது."

"எதனாலீங்?"

"எல்லாத்தாலயுந்தான்!"

முறையான சோதனைக்குச் சாலை, வேகம், சுமை, டயர் காற்று எதுவும் மாறக்கூடாது. குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும் என்பதால் முதலில் சிறிது தூரம் ஓட்டி டாம்பரைச் சூடாக்க வேண்டும். திருகு நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்; அவற்றை முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணுவது வழக்கம். முதலில் இரு எல்லைகளிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நடுவுக்கு வரவேண்டும்; முன்புறமும் பின்புறமும் தனித்தனியே.

"முறுக்கறது ஒருத்தரு, ஓட்டறது இன்னொருத்தரு. எத்தன கிளிக்குனு ஓட்டறவருக்குச் சொல்லவே கூடாதுங்."

"சொல்லலீன்னா எப்படிங்ணா ஃபீல் பண்றது?"