யார் யாரை இழுப்பது?

கேள்வி: எங்கள் லாப்ரடார் என்னைத் தெருமுனை வரை தரதரவென இழுத்துப் போகிறது. கனமான இரும்புச் சங்கிலி வாங்கினால் அடங்குமா?

பதில்: அடங்காது, உங்கள் தோள்பட்டைதான் கழன்றுபோகும். நாய்க்கு வார் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்பது ‘அறுந்துபோகாதே?’ என்றுதான். லாரியில் மூட்டை கட்டுவதற்கு அது சரியான கேள்வி. நாயிடம் வேலை செய்வது கயிற்றின் பலமல்ல, தொய்வு. நாய் இழுக்கிறது, நீங்கள் பின்னால் ஓடுகிறீர்கள், அது விரும்பிய விளக்குக் கம்பம் வந்துவிடுகிறது. இழுத்தால் கம்பம் கிடைக்கும் என்று நாய் புரிந்துகொள்கிறது; சங்கிலி எத்தனை கிலோ என்று அது பார்ப்பதில்லை. வார் இறுகினால் நின்றும், தொய்ந்தால் நடந்தும் பழக்கினால்தான் இந்தக் கணக்கு மாறும். அதற்கு ஐந்தாறு அடி நீளத்தில் பருத்தி வாரோ தோல் வாரோ போதும். பெரிய நாய்க்கு ஓர் அங்குல அகலம், பொமரேனியனுக்கு அதில் பாதி. நைலான் மலிவுதான், ஆனால் உருவிக்கொண்டு ஓடினால் உள்ளங்கை எரியும். வாரைக் கடித்தே அறுக்கும் நாய்க்குச் சங்கிலி நல்லதுதானே என்பீர்கள். சங்கிலி அறாது, உண்மை. ஆனால் அதே கடியில் பல் தேயும், உடையவும் செய்யும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் நீளும் ரீல் வார் எப்படி? நாய்க்கும் சுதந்திரம் வேண்டாமா?

பதில்: வேண்டும், ஆனால் ஆட்டோ வரும் தெருவில் அல்ல. அந்தக் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் கயிற்றை ஓயாமல் உள்ளே இழுக்கிறது. பூட்டாத வரை கயிறு தொய்வதே இல்லை. நாய் முட்டிப் போகப் போகக் கயிறு நீள்கிறது. இழுப்பதற்குப் பரிசு தரும் இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஓடி வேகம் பிடித்த நாய் கயிற்றின் முடிவில் வெட்டி நிற்கும்போது அடி கழுத்தில் விழுகிறது. வேகம் இரு மடங்கானால் அதிர்வின் ஆற்றல் நான்கு மடங்கு. மெல்லிய கயிறு விரலில் சுற்றினால் அறுத்துவிடும். சுதந்திரத்தை மைதானத்தில் கொடுங்கள்: பதினைந்து முதல் முப்பது அடி நீள வார், காலரில் அல்ல, உடலைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில்.

கேள்வி: ஹார்னஸ் மாட்டினால் இன்னும் இழுக்குமாமே! பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு அதைத்தானே மாட்டுகிறார்கள்?

பதில்: பாதி சரி. முதுகில் வளையம் இருந்தால் இழுக்க வசதி. நெஞ்சில் இருந்தால் இழுக்கும் நாய் பக்கவாட்டில் திரும்பிவிடும். காலர் மாட்டி இழுத்தபோது நாய்களின் கண் அழுத்தம் கூடியதையும், ஹார்னஸில் அப்படி ஆகாததையும் 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூச்சுக்குத் திணறும் பக், மூச்சுக்குழாய் பலவீனமான பொமரேனியன் போன்றவற்றுக்குக் கழுத்தில் இழுபடாமல் இருப்பதே நல்லது. இழுக்காமல் நடக்கும் நாய்க்குச் சாதாரணக் காலரே போதும். கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களை வளர்ப்பவர்களுக்குக் கவலை வேறு: கழுத்தைவிடத் தலை ஒடுங்கியிருப்பதால் காலர் உருவிக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் இறுகாத அகலமான மார்டிங்கேல் காலர் அவற்றுக்குப் பொருந்தும்.

கேள்வி: தொய்வாக விட்டு, யாரையாவது கடித்துவிட்டால்?

பதில்: தொய்வு என்றால் கைவிடுவதல்ல, ஐந்தாறு அடிக்கு மேல் நாய் போகவே முடியாதே! பிடியே இல்லாமல் அலட்சியமாக விட்டு, அதனால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. உள்ளே போவது நாயல்ல, நீங்கள்.