‘ஏலா’ சொல்லப் பழகுவது எப்படி? (தேற்றாத்தீவு முறை)

தேவையான பொருட்கள்: மண்குடம் ஒன்று. தேற்றாங்கொட்டை ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வீச்சு வலை ஒன்று. இரவல் வலையென்றால் இன்னும் நல்லது, கிழிந்தால் கவலை வேறொருவருக்கு. பொறுமையுள்ள மச்சினன் ஒருவன். கலங்கின மனசு ஒன்று. இதைத் தேடி அலைய வேண்டாம், இப்படிப்பட்ட கட்டுரையை வாசிக்க உட்கார்ந்தவரிடம் எப்படியும் இருக்கும்.

‘ஏலா’ எங்கள் பக்கத்துச் சொல். தமிழ்நாட்டில் ‘முடியாது’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘ஏலாது’ என்று முழுசாகச் சொல்வார்கள். மட்டக்களப்பான் அந்த ‘து’வைச் சொல்லவும் ஏலாமல் பாதியிலேயே இறங்கிவிடுவான். காய்ச்சலென்றால் உடம்புக்கு ஏலா. கடன் கேட்டால் இந்த மாசம் ஏலா. சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் இண்டைக்கு ஏலா. இவ்வளவு தாராளமாகப் புழங்குகிற சொல், ‘இந்த வேலை எனக்கு வராது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொள்ளும். அந்த முள்ளை எடுப்பதுதான் இந்தக் கையேட்டின் வேலை.

முதல் படியாக ஊரைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் களுதாவளைக்கு முன் தேற்றாத்தீவு வரும். பெயரை நம்பி, தோணி பிடிக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். பஸ் வாசலிலேயே இறக்கிவிடும். கிழக்கே கடல், மேற்கே வாவி, வடக்கிலும் தெற்கிலும் அடுத்த ஊர்க்காரரின் வேலி. தீவுக்குத் தண்ணீர் நாலு பக்கம் வேண்டும். இங்கே இரண்டு பக்கம். நூற்றுக்கு ஐம்பது. சாதாரண தரப் பரீட்சையில் இந்தப் புள்ளிக்கு ‘சி’ கொடுப்பார்கள். மிச்ச இரண்டு பக்கத்தையும் வெட்டித் தண்ணீரைத் திருப்பி முழுத் தீவாகிக் காட்டுவோம் என்று எங்களில் யாரும் மண்வெட்டியோடு கிளம்பவில்லை. ‘சி’யோடு ஊர் நிம்மதியாக இருக்கிறது.

மண்ணையும் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் இது. நெல்லுக்கு ஏலா. அதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டதால்தான் களுதாவளையிலும் எங்களூரிலும் வெற்றிலைக் கொடி ஏறுகிறது. கிணற்றுத் தண்ணீரில் மிளகாயும் வெங்காயமும் வருகின்றன. நெல் வேண்டுமென்றால் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், தேவையான அளவு விளைகிறது. சூரியன் எழுகிற கரையில் வெற்றிலை, படுகிற கரையில் நெல். கலியாண வீட்டில் சோறு தின்றபின் வெற்றிலைத் தட்டு வந்தே தீரும் என்பதால் எழுவான்கரைக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் மண் ஒப்புக்கொண்டதை மனிதன் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டான். எங்களூரில் அதற்கு ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. கொம்புச்சந்திப் பிள்ளையார் இருக்கிறார். தடைகளை நீக்குவது அவர் பொறுப்பு. புனித யூதா ததேயு திருத்தலமும் இருக்கிறது. உலகமே கைவிட்ட காரியங்களுக்கு அவர்தான் பாதுகாவலர். தடை நீங்க ஒருவர், நீங்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொருவர். இப்படி இரண்டு நீதிமன்றமும் நடை தூரத்தில் இருக்கும்போது யார்தான் வழக்கை வாபஸ் வாங்குவார்கள்? என் உயர்தரப் பரீட்சைக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, யூதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திய அம்மாவை நான் இப்போதும் குறை சொல்வதில்லை. பிழை தெய்வங்களிடமும் இல்லை. இரசாயனவியலிலும் இல்லை.

இரண்டாவது படி, கொட்டை. ஊரின் பெயரே தேற்றா மரத்தால் வந்ததென்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். குடத்தின் உட்புறத்தில் இந்தக் கொட்டையை நாலு சுற்று உரைத்துவிட்டுக் கலங்கல் தண்ணியை ஊற்ற வேண்டும். கொட்டையிலிருந்து இறங்குகிற பசை, தனித்தனியே மிதக்கிற சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், ஒட்டினது கனமாகும், கனமானது அடியில் போய்ப் படுக்கும். சுசுருதர் காலத்திலேயே எழுதிவைத்த வைத்தியம். நான் சின்ன வயதில் செய்த பிழை, தெளிந்துவிட்டதா என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் குடத்தை ஆட்டிப் பார்த்தது. “கைய எடு மனே” என்று அம்மம்மா மண்டையில் ஒரு குட்டு வைத்தா. அன்று பின்னேரம் வரை தண்ணீர் தெளியவில்லை. பழி கொட்டையின் தலையில் விழுந்தது.

இடையில் ஒரு தாவரவியல் செய்தி. தேற்றா மரமும் எட்டி மரமும் ஒரே பேரினம். எட்டிக் கொட்டை ஆளைக் கொல்லும். தேற்றாங்கொட்டை தண்ணியைத் தெளிய வைக்கும். எட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தே காலத்தைத் தொலைத்த என்னைப் போன்றவர்களுக்கு, தமிழில் இந்த இரண்டு பெயரையும் வைத்தவன் யாரென்று தெரிந்தால் போய்க் கையைக் குலுக்க வேண்டும் போலிருக்கும்.

இனி வலை. இதுதான் செய்முறைப் பரீட்சை. வீச்சு வலை என்றால் சும்மா இல்லை. கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்ட வேண்டும். வலையின் ஒரு பங்கு இடது முழங்கையில் தொங்க வேண்டும். ஈயக்குண்டு கோத்த விளிம்பில் கொஞ்சத்தை வலது கையில் அள்ளிக்கொண்டு, முழங்காலளவு தண்ணியில் நின்று, இடுப்பை ஒரு திருகு திருகி வீசினால் வலை ஆகாயத்தில் அப்பம் போல வட்டமாக விரிந்து, குண்டெல்லாம் ஒரே நேரத்தில் ‘சளப்’ என்று விழும். என் மச்சினன் வீசினால் அப்படி. நான் வீசினால் கிணற்றடியில் பிழிந்து எறிந்த சாரம் போல ஒரே கட்டியாக விழும். விழும் சத்தத்தில் மீன்கள் படுவான்கரைக்கே போய்விடும். ஒருமுறை மணிக்கட்டுச் சுருக்கோடு நானும் சேர்ந்து விழுந்தேன். அன்று வலையில் அகப்பட்டது என் கண்ணாடி மட்டும்.

பதினொரு வருஷம் வீசினேன். எண்ணிக்கையைக் கவனியுங்கள், விட்டுக்கொடுப்பவன் சோம்பேறி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மச்சினன் சொல்லித் தந்தான். அவன் சொல்லித் தந்த எட்டு வயதுப் பொடியன் மூன்றாம் நாள் வட்டமாக வீசினான். கடைசியில் ஒரு பின்னேரம் நானே சொன்னேன்: “தம்பி, எனக்கு இது ஏலா.” அவன் உடனே “சீ, அப்படிச் சொல்லாதீங்க அத்தான்” என்பான் என்று எதிர்பார்த்தேன். “அது எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். மறுகா ஏன் நிக்கிறீங்க, இந்தப் பறியப் பிடிங்க” என்றான். அன்று முதல் நான் பறி பிடிக்கிறவன். வலையிலிருந்து மீனைக் கழற்றிப் பறியில் போடுவதில் எனக்கு நிகர் நானே. கெளிற்றின் முள் படாமல் எடுப்பேன். பறி பிடிக்கிறவனுக்கும் பங்குண்டு என்பது வாவியில் எழுதாத சட்டம். பதினொரு வருஷமாக இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது படி படித்தவர்களுக்கு. இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு ‘இசட்’ புள்ளி பார்க்கிறார்கள். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து நாட்டின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உங்கள் தலைவிதி நாலு தசமதானத்தில் வந்து நிற்கும். இதில் பலர் கவனிக்காத அழகொன்று உண்டு. சராசரி மனிதனின் புள்ளி பூச்சியம். ஏறத்தாழப் பாதி நாடு பூச்சியத்துக்குக் கீழே, கழித்தல் குறியோடு நிற்கிறது. எனக்கு வந்ததிலும் அந்தச் சின்னக் கோடு இருந்தது. வெட்டுப்புள்ளிக்காக மாவட்ட அடிப்படை, பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு என்று எல்லாக் கயிற்றையும் பிடித்துப் பார்த்தோம். கோடு அசையவில்லை. அந்தக் கோட்டைப் பல வருஷம் அவமானமாக நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தால், கோட்டோடு நிற்பவர்களின் வரிசை அந்தப் பக்க வரிசைக்குக் கொஞ்சமும் குறையாத நீளம். வரிசையில் நல்ல சமையல்காரர்கள், மேசன்மார், பஸ் ஓட்டுநர்கள், பறி பிடிக்கிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

ஆண்களுக்கு ஒரு சலுகை: மட்டக்களப்பில் பிறந்திருந்தால் பாதிப் பயிற்சி தானாக முடிந்துவிடும். இங்கே குடி தாய்வழி, வீடு மகளுக்கு. தகப்பன் வாழ்நாளெல்லாம் கல் சுமந்து கட்டுவது மகளின் சீதன வீட்டை. இரண்டாவது மகளுக்கும் கட்டி முடிக்கும்போது அவர் பழைய குசினிப் பக்கம் ஒதுங்கியிருப்பார். மாப்பிள்ளை சூட்கேசோடு வந்து மனைவியின் வீட்டில் குடியேறுவான். சுவருக்கு என்ன நிறம் பூசலாம் என்று நான் ஒருமுறை ஆலோசனை சொன்னேன். மாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டா. சுவர் இப்போது வேறு நிறம்.

எச்சரிக்கைகள் சில. மருந்துப் போத்தலில் போல இவற்றைச் சின்ன எழுத்தில் அச்சிட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

எட்டாத பழம் புளிக்கும் என்பது ஏலா அல்ல. வலை வீசத் தெரியாதவன் ‘வாவி மீனில் ருசி இல்லை’ என்று சொன்னால் அவன் இன்னும் முதல் படியிலேயே நிற்கிறான். பழம் இனிப்புத்தான், என் கைதான் குட்டை என்று சொல்லத் தெரிய வேண்டும்.

‘ஏலா’ வேறு, ‘மாட்டன்’ வேறு. கிணற்றில் தண்ணி அள்ளச் சொன்னால் வருகிற ஏலா பெரும்பாலும் வேஷம் போட்ட மாட்டன். சந்தேகமிருந்தால் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். வேறு பரிசோதனைக்கூடம் தேவையில்லை.

மூன்றாவதை விளையாட்டாகச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் ஏலாவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிறத்தியான் உங்களுக்காகச் சொல்கிற ஏலாவை வாங்கிக்கொள்ளாதீர்கள். யுத்த காலத்தில் எழுவான்கரை படையினரிடமும் படுவான்கரை பெரும்பாலும் புலிகளிடமும் இருந்தது. இக்கரையில் வீடும் அக்கரையில் வயலுமாக இருந்தவன், நடுவில் அலையடிக்கிற அந்தக் கொஞ்சத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். போக ஏலா என்று சொன்னது அவன் வாய் அல்ல. 2007இல்தான் அந்தக் கோடு அழிந்தது. வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்போம். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு அப்படித்தான் போவோம். மண்முனைத் துறையிலும் பாதைதான் ஓடியது. 2014இல் பாலம் வந்தது. ‘இந்த இடத்துக்குப் பாலம் ஏலா’ என்பதைச் சனம் பக்குவத்தோடு ஏற்றுக்கொண்டிருந்தால் இன்றைக்கும் சைக்கிளோடு துறையில் காத்து நின்றிருப்போம். கந்தோரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒருவர் சொல்கிற ஏலாவும், ‘பொம்பிளப் புள்ளைக்குக் கணிதம் ஏலா’ என்று ஒரு மாமா சொல்கிற ஏலாவும் இந்த வகை. இவற்றுக்குத் தேற்றாங்கொட்டை வேலை செய்யாது. பிள்ளையாரிடமும் யூதாவிடமும் போகலாம். போகிற வழியில் ஒரு மனுவும் எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசிப் படி முழுநிலவுக்கு. மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்பார்கள். கல்லடியில், 1924இல் கட்டின பழைய பாலத்தடியில், நிலவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணியில் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்தால் பாட்டுக் கேட்கும். பாடுவது மீனா ஊரியா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. நான் மூன்று தரம் போயிருக்கிறேன். முதல் இரண்டு தரமும் கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டி, “ஆகா” என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மூன்றாம் தரம் மச்சினனோடு போனேன். துடுப்பைக் காதில் வைத்துப் பத்து நிமிஷம் இருந்தேன். காது வலித்தது. “எனக்கு ஒண்டும் கேக்கல்ல தம்பி” என்றேன். அவன் துடுப்பை வாங்கி வைத்துப் பார்த்தான். நிலவு பாலத்தைத் தாண்டும் வரை வைத்திருந்தான்.

“கேக்குதா?”

“கேக்குது அத்தான். பாலத்துல லொறி போகுது.”

தோணிக்காரர் பீடியைத் தண்ணியில் எறிந்தார். “கேட்டாலும் கேக்காட்டியும் கூலி ஒண்டுதான்” என்று சொல்லிக்கொண்டே தோணியைத் திருப்பினார்.