காசு நம்முது, கல்லாப்பெட்டி அவனுது

வா நைனா, குந்து. இன்னா, நடையே ஒரு தினுசா கீது? ஓ, செல்லுல படிச்சியா. இங்கிலீஷ்காரன் சொல்ற 'கேஷ்' நம்ம 'காசு' தானா. உலகத்துக்கே பேரு வச்சவன் தமிழன் தானா. ரொம்ப சந்தோசம். சரி, ஒரு இருவது ரூபா எடு, ரெண்டு டீ சொல்லுவோம். இல்லியா? "கையில கேஷ் வச்சிக்கிறதில்ல தாத்தா"ன்றியா? பேரு மட்டும் உன்னுது, பை காலி. நல்லா கீது.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. நம்ம பழவேற்காட்டுக்கு டச்சுக்காரன் கல்லறை பாக்க வர்ற வாத்தியாருங்களுக்கு படகு தள்ளி, அவங்க பேசுறத காதுல வாங்குனவன். ஆனா வலையில ரெண்டு சாதி மீனு ஒண்ணா விழுந்தா பிரிக்கத் தெரியும். உன் கேஷும் அப்பிடித்தான். ஒரு மீனுன்னு நீ நெனச்சிக்கினு கீற. அதுல ரெண்டு கீது.

ஒண்ணு பெட்டி. பிரெஞ்சுக்காரனும் இத்தாலிக்காரனும் பெட்டிக்கு வச்சிருந்த பேரு அது. இங்கிலீஷ்காரன் அத வாங்கியாந்து, மொதல்ல பணம் வைக்கிற பெட்டிக்கு சொன்னான். அப்பாலிக்கா உள்ள கெடக்குற பணத்துக்கே சொல்லிட்டான். பானைய காட்டி சோறுன்னு சொல்ற மாதிரி. அப்போ 'கேஷ் பாக்ஸ்'னா இன்னா? பெட்டிப்பெட்டி. பேங்குல கண்ணாடிக்கு அந்தாண்ட குந்திக்கினு கீறாரே கேஷியரு, அவரு பெட்டிக்காரரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியல? பூட்டுன பெட்டி.

இன்னொண்ணு தான் நம்முது. போர்ச்சுகீசு பரங்கி இந்தப் பக்கம் வந்தப்போ நம்மாளு செப்புத்துண்ட நீட்டி 'காசு'ன்னான். பரங்கி அத 'கய்ஷா'ன்னு எழுதிக்கினான். அவன் பாஷையில கய்ஷான்னாலும் பெட்டி தான்! அவங்கிட்டேர்ந்து இங்கிலீஷ்காரன் எடுத்து, நம்ம சின்னக் காசுக்கும் 'கேஷ்'னு பேரு வச்சான். மதராஸ் கம்பெனி கணக்கு தெரியுமா? 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818ல ரூபா வந்து அந்தக் கணக்க மூட்ட கட்டுச்சு. சீனாக்காரன் நடுவுல ஓட்ட போட்டு வச்சிருந்தானே செப்புக்காசு, அதுக்கும் வெள்ளக்காரன் இதே பேரத்தான் சூட்டுனான்.

ஆக சில்லறை நம்முது, கல்லாப்பெட்டி அவனுது. நீ ரெண்டுக்கும் பட்டா கேக்குற.

ஒரு கப்பல் கதை சொல்லவா? 1808ன்னு வருசம் போட்டு மதராசுக்குன்னே பர்மிங்காம்ல செப்புக்காசு அடிச்சான். மேல 'கேஷ்'னு இங்கிலீஷ் எழுத்து. அட்மிரல் கார்டனர்னு ஒரு கப்பல்ல டன் கணக்குல ஏத்துனான். 1809 ஜனவரி, புயலு. அவன் ஊரு கரையத் தாண்டல, குட்வின் மணல்திட்டுல தட்டி முழுகிடுச்சு. நம்ம பேரு போட்ட காசு, நம்ம கைய சேராம, நூத்தி எழுவது வருசத்துக்கு மேல அந்த ஊரு மீனு பாத்துக்கினு கெடந்துது.

அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு? இந்த மண்ணுலயே காசு அடிச்சாங்க நைனா. 1613ல டச்சுக்காரன் கட்டுன கெல்ட்ரியா கோட்டை இங்க தான இருந்துது. செப்புக்காசுல வி.ஓ.சி.ன்னு முத்திர. கப்பலோட்டுன நம்ம பிள்ளைவாள் இல்ல, அவன் கம்பெனி பேரு. கோட்டை இப்போ மேடும் புதருமா கீது. கல்லறை வாசல்ல செதுக்கி வச்ச எலும்புக்கூடு மட்டும் இன்னும் காவல் நிக்குது. எதக் காக்குதோ.

ஆனா அவன் ஒண்ண உட்டுட்டுப் போயிருக்கான். அவன் சின்னக் காசுக்கு 'டாய்ட்'னு பேரு. அதத்தான் நீ 'துட்டு'ன்ற. துட்டு டச்சுச் சொல்லுன்னு தமிழ் அகராதியே சொல்லுது. காசக் குடுத்தோம், துட்ட வாங்குனோம், கணக்கு நேராச்சு. கொசுறா இன்னொரு சொல்லும் போட்டுக் குடுத்தான். கக்கூசு. அதுக்கும் ஒரு பெருமை பேசேன் பாப்போம்? மீன் கரையில 'ஏலம், ஏலம்'னு கத்துறாங்களே, அது பரங்கி உட்டுட்டுப் போனது.

போன ஞாயித்துக்கெழம பட்டணத்துலேர்ந்து ஒருத்தரு காருல வந்தாரு. பச்ச நண்டு, காலு கட்டுனது, ஒண்ணொண்ணும் உள்ளங்கை அகலம். வெல பேசி முடிச்சி செல்ல எடுத்தாரு. டவரு இல்ல. செல்ல தலைக்கு மேல தூக்கிக்கினு, மழைக்கு வேண்டுற கொக்கு மாதிரி கரையெல்லாம் நடந்தாரு. நண்டுக்காரம்மா பாத்துச்சு. வெத்தலைய ஒதுக்கிக்கினு, இடுப்புல சொருவியிருந்த சுருக்குப்பைய அவுத்து, அடுத்த ஆளுக்கு மீதிச் சில்லறை எண்ணிக் குடுத்துச்சு. நண்டு அந்த அடுத்த ஆளு கூடைக்குப் போயிடுச்சு. செல்லுக்காரரு திரும்பி வந்து நண்டு இருந்த எடத்த வெறிச்சிப் பாத்தாரு. ஈரம் மட்டும் இருந்துது.

அந்தம்மாகிட்டயும் கட்டம் கட்டமா போட்ட அட்டை கீது. டவரு இருந்தா அதுலயும் வாங்கும். அதுக்கு சண்ட எல்லாம் இல்ல. காசுன்னா இன்னா, எந்த பாஷை, யாரு மொதல்ல சொன்னான்னு கேட்டுப் பாரு. "நண்டு வேணுமா, வேணாமா?"ன்னு திருப்பிக் கேக்கும்.

இந்தா, டீ ஆறுது. ஆமா, என் துட்டு தான். நாளைக்கு வரும்போது சில்லறையா இருவது ரூபா எடுத்தா. அத நீ கேஷ்னு சொல்லிக் குடுத்தாலும் வாங்கிக்கிறேன்.