சிவப்புப் பொட்டை அழிச்சிடுங்கப்பா!

நாமக்கல்லில் பாடி கட்டி வெளியே வரும் புது லாரியைப் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் குலதெய்வம், பின்னால் பிள்ளைகள் பெயர், நடுவில் ஓனர் பெயர் கொட்டை எழுத்தில். இதைப் பார்த்து யாராவது நக்கலாகச் சிரித்தால், 1940-ன் பிரிட்டிஷ் போர் விமானத்தைக் காட்டுங்கள். அங்கேயும் காசு கொடுத்தவர் பெயர் காக்பிட் பக்கத்தில் பெயின்ட்டில் மின்னும்!

ரேட்? ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் 66,000 ரூபாய் சொச்சம். அசல் விலை அதைவிட அதிகம்தான். மிச்சத்தை யார் கட்டினார்கள் என்று எந்தக் கொடைவள்ளலும் கேட்கவில்லை. பெயர் எழுதியாச்சு, அப்புறம் என்ன?

நம் மெட்ராஸ் மாகாணமும் சும்மா இருக்குமா? யுத்த நிதி திரண்டது. பதிலுக்கு ராயல் ஏர் ஃபோர்ஸ், 79, 234 என்ற இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் வைத்தது. சந்தோஷம். ஆனால் சின்னத்தைப் பாருங்கள். ஹைதராபாத் பெயர் தாங்கிய 152-க்கு நிஜாமின் தலைப்பாகையே சின்னம். நம்ம 234-க்கு டிராகன். 79-க்கு சாலமாண்டர். அதாவது, ஏறக்குறைய பல்லி. ஒரு யானையாவது போட்டிருக்கக் கூடாதா சாமி?

விமானம் கெத்தாக இருந்தது, உள்ளே இருந்தவர் பாடுதான் திண்டாட்டம். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை உள்ளே இழுக்கக் கைப்பம்பு. கிளம்பிய கையோடு பைலட் வலது கையால் அதை அடிக்க வேண்டும். ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் இடது கையும் தன்னையறியாமல் கூடவே ஆடும். விமானத்தின் மூக்கு மேலும் கீழும் தலையாட்டும். கத்துக்குட்டி யார் என்று கண்டுபிடிக்க நம்பரே வேண்டாம், தரையில் நின்றே சொல்லிவிடலாம்.

இன்னொரு கூத்து. இறக்கையில் துப்பாக்கி வாய்களை அடைத்துச் சிவப்புத் துணி ஒட்டுவார்கள். மேலே குளிரில் துப்பாக்கி உறைந்துவிடக் கூடாதே! முதல் குண்டிலேயே துணி கிழிந்துவிடும். அதனால் ‘நான் சுட்ட சுடு இருக்கே...’ என்று கதை அளக்கும் வீரர் முழுத் துணியோடு இறங்கினால், மெக்கானிக் ஒரு பார்வை பார்ப்பார். போதும்.

இனி, எந்த நாட்டு விமானம் என்று காட்ட இறக்கையில் வரையும் வட்டம். 1914-ல் பிரிட்டிஷார் இறக்கைக்கு அடியில் யூனியன் ஜாக் கொடியை வரைந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதிலுள்ள சிலுவை ஜெர்மன் சிலுவையாகத் தெரிந்தது. சொந்தச் சிப்பாய்களே தரையிலிருந்து சுட்டார்கள்! உடனே பிரெஞ்சுக்காரர்களின் வட்டத்தை எடுத்து, நிறத்தை உள்வெளியாக மாற்றி, நடுவில் சிவப்பு வைத்துக்கொண்டார்கள். காப்பியடித்தாலும் அப்படியே அடிக்க மாட்டோம் என்ற மானம்.

அந்த மானம் பர்மாவில் கப்பலேறியது. ஜப்பான் விமானத்தில் இருப்பது முழுச் சிவப்பு வட்டம். எதிரே சீறி வருவதைச் சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒன்றிரண்டு நொடி. அதற்குள் சுற்றிலும் வெள்ளை இருக்கிறதா, நீலம் இருக்கிறதா என்று யார் ஆராய்வது? சிவப்பு தெரிந்தால் சுடு! கடைசியில் மேலிடமே சொல்லிவிட்டது: பொட்டை அழி. கிழக்குப் போர்முனையில் பிரிட்டிஷ் வட்டத்தில் சிவப்பு போய் வெறும் நீலங்கள் மிஞ்சின. அமெரிக்கர்களும் 1942-ல் தங்கள் நட்சத்திரத்தின் நடுச் சிவப்பை அழித்தார்கள். அதுவும் பத்தவில்லை. எதிரி கண்ணில் படாமலிருக்கப் பச்சையும் பழுப்புமாக அடித்த விமானத்தின் மேலேயே, நம்மாள் கண்ணில் பட வேண்டுமென்று வெள்ளைப் பட்டை பட்டையாகப் பூசினார்கள். நம்ம பல்லி ஸ்குவாட்ரனின் தண்டர்போல்ட்டுகளும் இந்தக் கோலத்தில்தான் பறந்தன.

இந்த வேடிக்கையில் சேலத்துக்கும் பங்கு உண்டு. யுத்தத்தால் ஃபிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு. போருக்கு ஆதரவாக ஒரு படம் எடுத்துக் கொடு, சுருள் தருகிறோம் என்றது சர்க்கார். மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம், திருச்செங்கோட்டுக்காரர், லீட்ஸில் ஜவுளிப் படிப்பு படித்தவர், ‘பர்மா ராணி’ எடுத்தார். ஜப்பானியர் பிடித்த பர்மாவில் மாட்டிக்கொள்ளும் இந்திய விமானப்படை வீரர்கள்தான் கதை. டைரக்டரும் முதலாளியும் ஒரே ஆள், எந்த வேடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் எடுத்துக்கொண்டது ஜப்பானிய அதிகாரி வேடம்! ஊரே திட்டப்போகும் பாத்திரத்தைத் தனக்கே ஒதுக்கிக்கொண்ட முதலாளி சினிமாவில் அபூர்வம்.

படம் வந்தது 1945. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சண்டை ஓய்ந்ததும் பிரிட்டிஷ் வட்டத்துக்குச் சிவப்பு திரும்பி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் முதலில் அசோகச் சக்கரம் போட்டுப் பார்த்து, பிறகு மூவர்ண வட்டத்துக்கு வந்தோம். சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் எப்போதாவது தலைக்கு மேல் தாழப் பறந்தால் அண்ணாந்து பாருங்கள். நடுவில் இருப்பது பச்சை.