எட்டாம் உலகத்துக்குக் குறுக்கு வழி

எங்கள் வயது ஆண்கள் நாலு பேர் மணவூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், அரக்கோணம் லோக்கல் வருவதற்குள் ஒருவராவது "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துவிடுவார். பேச்சு ஏரி, மாங்காய்த் திருட்டு, தூர்தர்ஷன் என்று எப்படிச் சுற்றினாலும் டிவி கேமில் வந்துதான் நிற்கும். "இப்பப் பசங்க போன்ல விளையாடுறதெல்லாம் ஒரு விளையாட்டா? நாங்கெல்லாம் மேரியோல எட்டாவது உலகம் வரைக்கும் போனவங்க." கேட்கிற எல்லாரும் தலையாட்டுவோம். எப்படிப் போனோம் என்பதை ஒருவரும் சொல்ல மாட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி கேம் இருந்தது. டிவியில் ஒரு சேனலைத் திருகித் திருகி அது வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். மஞ்சள் கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக அச்சிட்டிருப்பார்கள். உள்ளே போனால் உருப்படியாக ஏழெட்டுதான்; மற்றதெல்லாம் அவையே வேறு பெயரில். அதில் முதலிடம் சூப்பர் மேரியோ பிரதர்ஸுக்கு. ஜப்பானில் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்து 1985 செப்டம்பரில் நின்டெண்டோ வெளியிட்டது. எங்கள் தெருவுக்கு வந்து சேரப் பத்து வருஷம் ஆயிற்று. அதுவும் அசல் இல்லை, நகல்.

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மொத்தம் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், ஆக 32. ஒவ்வொரு உலகத்தின் நாலாவது கட்டமும் ஒரு கோட்டை. கோட்டைக்குள் நெருப்புக் குழம்பின் மேல் ஒரு பாலம், பாலத்தில் ஒரு டிராகன், டிராகனுக்குப் பின்னால் ஒரு கோடாலி. கோடாலியைத் தொட்டால் பாலம் அறுந்து டிராகன் விழும். ராணி இருப்பாள் என்று ஓடிப்போய்ப் பார்த்தால் காளான் தலையோடு ஒரு குட்டி ஆள் நின்றுகொண்டு, நன்றி சொல்லிவிட்டு, ராணி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்பான். ஏழு கோட்டையிலும் இதே கதை. எட்டாவதில்தான் ராணி.

இது நாங்கள் பின்னால் தெரிந்துகொண்டது. அந்தக் காளான் ஆளில் ஒருவனைக்கூட எங்கள் தெருப் பையன்கள் அப்போது பார்த்ததில்லை.

ஏனென்றால் எங்களுக்குக் குழாய் தெரியும். முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம் பூமிக்கடியில். அங்கே கூரைச் செங்கல் மேல் ஏறி, திரையின் உச்சியிலேயே ஓடி, வெளியே போகும் குழாயையும் தாண்டிப் போனால் மூன்று குழாய்கள் நிற்கும். ஒன்றில் இறங்கினால் நேரே நாலாம் உலகம். நாலின் இரண்டாம் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத கற்களை முட்டிக் கண்டுபிடித்து, அதன் மேல் ஏறி ஒரு செங்கலை முட்டினால் கொடி முளைக்கும். கொடியில் ஏறினால் மறுபடி மூன்று குழாய்கள். இறங்கினால் எட்டாம் உலகம். இந்த ரகசியத்தை யாரோ ஒரு சென்னைப் பையன் கோடை விடுமுறைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

கணக்குப் போட்டால் 32 கட்டத்தில் நாங்கள் மிதித்தது எட்டே எட்டு. முதல் உலகத்தில் இரண்டு, நாலில் இரண்டு, கடைசி உலகத்தின் நாலு. மிச்சம் 24 கட்டமும் வேலையில்லாதவர்களுக்கு என்று நினைத்தோம்.

அந்த 24-க்குள்தான் பாடமெல்லாம் இருந்தது. சுத்தியல் வீசும் ஆமைகள் முதலில் வருவது மூன்றாம் உலகத்தில். அதைத் தாண்டிக் குதித்துவிட்டோம். பீரங்கிக் குண்டு ஐந்தில். நீச்சல் இரண்டிலும் ஏழிலும். தப்பான வழியில் போனால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குக் கொண்டுவந்து விடும் கோட்டை நாலின் கடைசியில் ஒருமுறை, ஏழின் கடைசியில் ஒருமுறை வரும். எட்டாம் உலகம் புதிதாக ஒன்றும் கேட்பதில்லை. இதுவரை சொல்லிக்கொடுத்ததை வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். முதல் கட்டத்தில் நீளமான ஓட்டமும் கால்வைக்கக்கூட இடம் போதாத பள்ளங்களும். இரண்டில் பீரங்கி. மூன்றில் பின்னணி முழுக்கக் கோட்டை மதில், அதன் முன்னால் ஜோடி ஜோடியாகச் சுத்தியல் ஆமைகள். எதிரியின் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று அந்த மதிலே சொல்லும். நாலில் குழாய்ப் புதிர், நடுவில் ஒரு தண்ணீர்ப் பாதை, சுழலும் நெருப்புக் கம்பிகள், வாசலில் ஒரு சுத்தியல் ஆமை, கடைசியில் நெருப்பையும் சுத்தியலையும் சேர்த்து வீசும் டிராகன். இந்த உலகத்தில் பாதி வழிச் சலுகையும் கிடையாது. எங்கே செத்தாலும் கட்டத்தின் தொடக்கத்திலிருந்துதான்.

பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நேரே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போன கூட்டம் நாங்கள். பீரங்கியை முதலில் பார்த்தது எட்டில். முதலில் நீந்தியது எட்டில். எங்கள் வாழ்க்கையின் முதல் கோட்டையே கடைசிக் கோட்டைதான்.

விளைவு என்னவென்றால், கடைசிக் கோட்டையில் தப்பான குழாயில் நுழைந்தோம், அது பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. குழாயை விட்டுவிட்டு நேரே ஓடினால் அதே செங்கல், அதே பள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. 400-இல் ஆரம்பித்த நேரம் பூஜ்யத்துக்கு வந்து மேரியோ செத்தான். இது புதிர் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேசட்டில் கோளாறு என்று தீர்மானித்துக் கழற்றி ஊதினோம், சட்டைத் துணியால் துடைத்தோம். நடுவில் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்து. அந்த விளையாட்டில் எதையும் சேமித்துவைக்கும் வசதி கிடையாது. கடைசியில் எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் அரக்கோணத்தில் யாரிடமோ சரியான குழாய்களைக் கேட்டுவந்து ராணியைப் பார்த்தார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். அன்றிலிருந்து தெருவில் எல்லாருமே மேரியோவை முடித்தவர்கள்.

எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்துபோன காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய தலம். அதற்குப் பக்கத்து ஊரில் பிறந்துவிட்டுக் குழாய்க்குள் குதித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பக்கம் திருத்தணி. மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒரு படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. புத்தாண்டு அன்று வெள்ளைக்கார அதிகாரிகள் வீட்டு வாசலில் போய்க் கும்பிடு போடுவதைவிட, துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனைக் கும்பிடலாமே என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் காட்டித்தான் மேலே போவார்கள். ஆயாவோடு போன வருஷங்களில் எங்களுக்கு அது பெரிய தண்டனையாகத் தெரியும். கையை உதறிவிட்டு ஓடி, மேலே போய்ச் சேர்ந்து, தூக்கம் தாங்காமல் உட்கார்ந்திருப்போம். ஆயா வரும்போது அவர் முகத்தில் வருஷம் முழுக்க நடந்துவந்த களை இருக்கும், சந்தோஷமும் இருக்கும். எங்களுக்குக் கால்வலி மட்டும்.

இப்போது நான் காரில் போகிறேன். மலைமேல் வரை ரோடு இருக்கிறது. முட்டி ஒத்துழைக்காது என்பது வெளியே சொல்கிற காரணம். மேலே போய்ச் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கிக்கொள்வது சொல்லாத விஷயம்.

போன தீபாவளிக்குத் தங்கை மகன் வந்திருந்தான், கையில் போன். அவன் கூட்டாளிகள் ஆடுவது பிஜிஎம்ஐ. 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜியின் இந்திய அவதாரம். மறு வருஷம் ஜூலையில் வந்தது. நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். அதில் கடைசிக் கோட்டை என்று ஓர் இடமே கிடையாது. வட்டம் எங்கே சுருங்குகிறதோ அதுதான் முடிவு. நாம் முடிவை நோக்கிப் போகவேண்டியதில்லை, அதுவே வந்து சேர்ந்துவிடும். இதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று வாயெடுத்தேன். பார்த்தால் அவன் எமுலேட்டரில் பழைய மேரியோவை ஆடிக்கொண்டிருந்தான்.

"டேய், அந்தக் கூரை மேல ஏறு. குழாய் இருக்கும். நேரா நாலுக்குப் போயிடலாம்."

"தெரியும் மாமா. அதுல போனா கேமே இல்லியே."

யூடியூபில் பார்த்திருக்கிறானாம். குழாயில் குதிப்பவர்கள் ஐந்து நிமிஷத்துக்குள் முடிக்கிறார்கள், குதிக்காமல் 32 கட்டமும் ஓடுபவர்கள் சுமார் 19 நிமிஷத்தில் முடிக்கிறார்கள், இரண்டாவது ஆசாமிகள்தான் பெரிய ஆள் என்பது அவன் கட்சி. இதற்கு முன்னால் போகிமான் ஆடி முடித்தானாம். அதில் கடைசி மோதலுக்குப் போகும் பாதைக்கு வெற்றிப் பாதை என்றே பெயர். காவல்காரர்கள் வழிமறித்து, எட்டுப் பட்டயமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விடுவார்கள். குகைக்குள் பாறைகளைத் தள்ளித் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். சிறப்பு டிக்கெட் கிடையாதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"மாமா, அஞ்சாவது உலகத்துல ரெண்டாவது ஸ்டேஜ் எப்படிப் போனீங்க? அந்தச் சுத்தி ஆமை உயிரை வாங்குது."

"அது... ரொம்ப நாளாச்சுடா."

"இன்னா மாமா, அஞ்சே பாக்கலியா?"

ஒன்று சொல்லியாக வேண்டும். அவனும் பரதேசியாய் நடந்துபோகிறவன் அல்ல. நாலு அடிக்கு ஒருமுறை சேமித்துக்கொள்கிறான். செத்தால் பொத்தானைத் தட்டிப் போன நிமிஷத்துக்குத் திரும்பிவிடுகிறான். எங்களைப் போல மூன்று உயிரோடு வெயிலில் நிற்கும் கஷ்டம் அவனுக்கு இல்லை. அதைச் சொல்லிக் கொஞ்சம் திட்டினேன். அவன் சிரித்துவிட்டு ஏழாம் உலகத்தின் குழப்பக் கோட்டையில் மேல்வழி, கீழ்வழி என்று விரலால் கணக்குப் பார்த்தான். எட்டின் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, வழி சுற்றுவதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டான். போனைக் கழற்றி ஊதவில்லை.

அவன் போன பிறகு நானும் ஐந்திலிருந்து ஏழு வரை ஆடிப் பார்த்தேன், ரகசியமாக. பெரும்பாலும் பழைய சரக்கு. மொத்த விளையாட்டுமே 40 கிலோபைட்டில் அடங்க வேண்டியிருந்ததால் முன்னால் வந்த கட்டங்களையே திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தின் மூன்றாம் கட்டம் முதல் உலகத்தின் மூன்றாம் கட்டமேதான், பீரங்கிக் குண்டுகள் மட்டும் கூடுதல். ஏழின் தண்ணீர்க் கட்டம் இரண்டில் வந்தது, எதிரிகள் மட்டும் அதிகம். தெரிந்த இடத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கிக்கொண்டே போகிறார்கள். எட்டுக்கு வரும்போது கை தானாகக் குதிக்கிறது.

ஆகவே உங்கள் ஊர் ஸ்டேஷன் பெஞ்சிலும் யாராவது நாற்பது வயது ஆசாமி மேரியோவை முடித்தவன் நான் என்று மார்தட்டினால், சண்டைக்குப் போக வேண்டாம். "ஏழு கோட்டையிலும் ராணிக்குப் பதிலா நின்னது யாரு?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.